காற்றில் மிதப்பதும் மெத்தையில் கிடப்பதும்: ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு ஏர் பியூரிஃபயர்

"மாமா, மெஷின் எட்டுதான் காட்டுது. அப்புறம் ஏன் எனக்குத் தும்மல் வருது?"

கேட்டது என் அக்கா மகள். ஒன்பது வயது. தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கட்டிலுக்குப் பக்கத்தில் புதிதாக வாங்கிய ஏர் பியூரிஃபயர் நின்றுகொண்டிருந்தது. பச்சை விளக்கு, அதன் கீழே பி.எம். 2.5 அளவு: 8. காலை ஆறரை மணி இருக்கும். அவள் போர்வையை உதறி மடித்தாள். கிழக்கு ஜன்னல் வழியாக விழுந்த வெயில் கீற்றில் தூசி சுழன்று எழுந்தது. வரிசையாக ஏழெட்டுத் தும்மல். மூக்கைத் தேய்த்துக்கொண்டே திரும்பி மெஷினைப் பார்த்தாள். எண் ஒன்பதுக்குப் போய், மறுபடி எட்டுக்கே வந்து நின்றது.

அவள் கேட்டது சரியான கேள்வி. மெஷினும் பொய் சொல்லவில்லை. அது காட்டுவது 2.5 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைவாகவும் உள்ள நுண்துகள்களின் கணக்கை. அவளைத் தும்ம வைத்ததோ சுமார் இருபது மைக்ரான் அளவுள்ள வேறொன்று. அது அந்தக் கணக்கில் வரவே வராது. அதனால்தான் ஏர் பியூரிஃபயர் வாங்கலாமா என்று யார் கேட்டாலும், மாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைக் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் யாருக்கு எதனால் ஒவ்வாமை? அது காற்றில் மிதக்கிற பொருளா, மெத்தையில் கிடக்கிற பொருளா? இந்த மெஷின் தன்னிடம் வந்து சேரும் காற்றில் மிதப்பதை மட்டும்தான் பிடிக்கும். கிடப்பதைப் போய் எடுத்து வராது.

சென்னை மாதிரி ஈரக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில், வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வாமைக் காரணங்களில் முதலிடத்தில் வருவது டஸ்ட் மைட் என்கிற தூசி உண்ணி. இது பூச்சி இனம்கூட இல்லை. எட்டுக் கால் கொண்ட, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவான உயிர். நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. வீட்டுத் தூசியால் வரும் ஆஸ்துமாவுக்கு இந்த உண்ணிதான் காரணம் என்பதை 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகிய ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். அதுவரை 'வீட்டுத் தூசி' என்று பொத்தாம்பொதுவாகத்தான் சொல்லி வந்தார்கள். நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் அதே கூட்டத்தில் புளோமியா டிராபிகலிஸ் என்று இன்னொரு இனமும் சேர்ந்துகொள்கிறது.

இந்த உண்ணி கடிப்பதில்லை. பிரச்சினை அதன் எச்சத்தில். ஒரு உண்ணி நாளொன்றுக்குச் சுமார் இருபது எச்சத் துகள்களை விடும். ஒவ்வொன்றும் பத்திலிருந்து நாற்பது மைக்ரான் வரை இருக்கும். அதிலுள்ள ஒரு புரதம்தான் மூக்குக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஆகாதது. இவ்வளவு கனமான துகள் காற்றில் தங்காது. போர்வையை உதறினால் எழும், பதினைந்து இருபது நிமிடத்தில் மறுபடி படிந்துவிடும். சிகரெட் புகையோ கொசுவர்த்திப் புகையோ அப்படி இல்லை, மணிக்கணக்கில் மிதக்கும். புகைக்கு மெஷின் பயன்படும் அளவுக்குத் தூசி உண்ணிக்குப் பயன்படாததற்குக் காரணம் இவ்வளவுதான். அறையின் மூலையில் நிற்கும் மெஷின் அந்தத் துகளை இழுப்பதற்குள், தலையணையில் முகம் புதைத்துப் படுத்திருக்கும் குழந்தை அதை முகர்ந்திருக்கும்.

மற்றவை எந்தப் பக்கம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரப்பான் பூச்சியின் எச்சமும் உடல் துணுக்குகளும் தூசி உண்ணி மாதிரியே படிந்து கிடக்கிற வகை. சீமைக் கருவேலம், பார்த்தீனியம், சவுக்கு போன்றவற்றின் மகரந்தம் பெரிய துகள். வெளியிலிருந்து வந்து சீக்கிரம் தரையிறங்கும். ஜன்னலை மூடுவதுதான் அதற்கு முதல் மருந்து. பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் இரண்டு முதல் பத்து மைக்ரான் வரை. ஓரளவு நேரம் மிதக்கும், அதனால் மெஷின் உதவும். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய சுவரை அப்படியே விட்டுவிட்டு மெஷின் மட்டும் ஓட்டினால் வித்து வந்துகொண்டேதான் இருக்கும். பூனையின் கதை வேறு. அதன் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் புரதம் மிக நுண்ணிய துகள்களிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் மிதக்கும். வீட்டில் பூனை இருக்கிறது, யாருக்கோ அது ஆகவில்லை, ஆனாலும் பூனையை அனுப்ப மனம் வரவில்லை என்றால், நல்ல மெஷினுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. பூனையைப் படுக்கையறைக்குள் விடாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

எதனால் ஒவ்வாமை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வாமைப் பொருள்களின் சாற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு துளியைத் தோலில் வைத்து, அதன் வழியே லேசாகக் குத்திப் பார்க்கும் ஸ்கின் பிரிக் டெஸ்ட் இருக்கிறது. கால் மணி நேரத்தில் எது தடித்துச் சிவக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். அதற்கு முன் சில நாட்கள் அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அதை மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். என் அக்கா வீட்டில் மெஷின் வாங்கி மூன்று மாதம் கழித்துத்தான் இந்தச் சோதனைக்கே போனார்கள். பிள்ளையின் முன்கையில் பெரிதாகத் தடித்தவை இரண்டு: தூசி உண்ணி, கரப்பான். இரண்டுமே மெஷினுக்கு அதிகம் வேலை இல்லாத வகை. வரிசை தலைகீழாகப் போய்விட்டது என்று அக்காவுக்கு அன்று வருத்தம்தான்.

அதனால் மெஷினுக்கு முன்னால் படுக்கையைப் பார்ப்போம். தூசி உண்ணி தண்ணீர் குடிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் உயிர் வாழும். ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே நீடித்து இருந்தால் காய்ந்து சாகும். சென்னையில் அந்த அளவுக்கு இறக்குவது ஏ.சி. இல்லாமல் நடக்காது. ஏ.சி. போடும் வீடாக இருந்தால், அது அறையைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் வெளியேற்றுகிறது. மழை நாளில் டிரை மோடில் போட்டால் இன்னும் நல்லது. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. ஒன்று வாங்கி அறையில் மாட்டிப் பாருங்கள். மெஷினில் ஓடும் பி.எம். எண்ணைவிட, தூசி உண்ணி ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த எண்தான் அதிகம் சொல்லும்.

அப்புறம் இலவம்பஞ்சு. நம் வீடுகளில் பத்துப் பதினைந்து வருடமாக இருக்கும் மெத்தையும் தலையணையும் நினைவுக்கு வருகிறதா? அம்மா வீட்டுச் சீதனமாக வந்தது, பிரித்து அடித்து மறுபடி தைத்தது, தட்டினால் புகை மாதிரி பொடி பறப்பது. அதை ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தலைக்கடியில் வைத்துக்கொண்டு எந்த மெஷினை ஓட்டியும் பெரிதாகப் பலன் இருக்காது. புதிய தலையணை வாங்குங்கள். மெத்தையை மாற்ற முடியவில்லை என்றால், முழுக்க மூடி ஜிப் போடும் நெருக்கமான நெசவு உறை வாங்கிப் போடுங்கள். நீர் புகாத சாதாரண ரெக்சின் உறைகூட ஒன்றுமில்லாததற்கு மேல், வேர்க்கும் என்பதுதான் சங்கடம். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். ஹீட்டர் இல்லாத டாப் லோடு மெஷினில் அது முடியாது. பக்கெட்டில் கொதிநீர் ஊற்றி அரை மணி ஊறவைத்து, பிறகு மெஷினில் போடலாம். குழந்தையின் கரடி பொம்மையைப் பாலிதீன் பையில் கட்டி ஃபிரீசரில் இரண்டு நாள் வைத்தெடுத்துத் துவைத்தால், பொம்மையைத் தூக்கிப் போட்டு அழ வைக்க வேண்டியதில்லை.

மெத்தையை மாடியில் வெயிலில் போடும் பழக்கம் நல்ல பழக்கம். கடும் வெயிலின் சூடும் வறட்சியும் உண்ணிகளைக் கொல்லும். விரிப்புக் கம்பளத்தை வெயிலில் போட்டுப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 1994இலேயே இதைச் சொன்னது. ஆனால் உண்ணி செத்தாலும் எச்சமும் அதன் புரதமும் அங்கேயே இருக்கும். அதனால் காயப் போட்டதை நன்றாகத் தட்ட வேண்டும். அந்த வேலையை ஒவ்வாமை இல்லாதவர் செய்யட்டும், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதும் அப்படித்தான், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு. ஈர மாப் எப்போது வேண்டுமானாலும் போடலாம். சீலிங் ஃபேன் இறக்கையின் மேல் விரல் வைத்துப் பாருங்கள், கறுப்பாக வந்தால் துடையுங்கள். கரப்பானுக்கு ஸ்பிரே அடிக்காதீர்கள், அந்த நெடியே இளைப்பைக் கிளப்பிவிடும். ஜெல் மருந்தைச் சிங்க்கின் அடியிலும் ஃபிரிட்ஜின் பின்னாலும் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும். இரவில் எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது.

சரி, இவ்வளவும் செய்த பிறகு மெஷின் எதற்கு? புகைக்கு. புகை பெரும்பாலும் ஒவ்வாமைப் பொருள் இல்லை. ஆனால் ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருக்கும் மூக்கையும் மூச்சுக்குழாயையும் அது இன்னும் புண்ணாக்கும். ஆஸ்துமாக் குழந்தைக்கு இளைப்பு வர அதுவே போதும். 2018 போகியன்று காலை சென்னையில் மூட்டமாகப் புகை சூழ்ந்து விமானங்களே இறங்க முடியாமல் போனதை நினைத்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றிலும் இருந்தவர்கள் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. தீபாவளி இரவு இருக்கிறது. லாரி ஓடும் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு என்றால் ஆண்டு முழுக்க இருக்கிறது. 24 மணி நேரச் சராசரியாக பி.எம். 2.5 ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டுதல் 15. இந்த இடைவெளியில் வசிக்கும் வீட்டில், மூச்சுத்திணறல் உள்ளவர் படுக்கும் அறைக்கு ஒரு மெஷின் வாங்குவதை நான் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே நாம் மூட்டும் புகையை முதலில் அணைக்க வேண்டும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மூடிய அறையில் ஒரு பக்கம் சுருளையும் மறுபக்கம் மெஷினையும் ஓட்டும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி போடாமல் இருக்க முடியாது என்கிறார்களா, அந்தப் பிள்ளை படுக்கும் அறையில் மட்டும் வேண்டாம் என்று பேசிப் பாருங்கள். பெரியவர்கள் காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். சமையலறையில் மிளகாய் தாளிக்கும்போது மெஷின் சிவப்பு விளக்கு போட்டுக் கத்துவதைப் பார்த்து மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவதைவிட, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது மேல்.

இனி மெஷினுக்குள் போவோம். உள்ளே இருப்பது ஒரு விசிறியும் ஒரு ஃபில்டரும்தான். மற்றதெல்லாம் அலங்காரம். ஃபில்டர் ஹெப்பா வகையாக இருக்க வேண்டும். 1940களில் அமெரிக்கா அணுகுண்டு தயாரித்த காலத்தில், கதிரியக்கத் துகள்கள் காற்றில் பரவாமல் பிடிக்க உருவானது இதன் மூலம். அமெரிக்க இலக்கணப்படி 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடித்தால்தான் அது ஹெப்பா.

ஏன் 0.3? ஹெப்பா என்பது சல்லடை என்று பலரும் நினைக்கிறோம்; சின்னது போய்விடும், பெரியது நிற்கும் என்று. அப்படி இல்லை. அது தாறுமாறாகக் கிடக்கும் நார்களின் காடு. காற்று அதற்குள் வளைந்து வளைந்து போகிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் வேகமாக வரும் பாரம் ஏற்றிய லாரி திரும்ப முடியாமல் நேராகப் போய் மோதும் இல்லையா, பெரிய துகள் அப்படி நாரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகளோ காற்றின் மூலக்கூறுகள் இடிக்க இடிக்க அங்கும் இங்கும் அலைந்து, எப்படியும் ஒரு நாரைத் தொட்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில், திரும்பும் அளவுக்கு இலேசாகவும் அலையாத அளவுக்குக் கனமாகவும் இருக்கும் துகள்தான் தப்பிக்கப் பார்க்கும். அது ஏறக்குறைய 0.3 மைக்ரான். பிடிக்கவே கஷ்டமான அந்தத் துகளை வைத்துச் சோதிக்கிறார்கள். அதைவிடச் சிறியதும் பெரியதும் இன்னும் எளிதாகச் சிக்கும். பெட்டியில் 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்ற' என்று அச்சிட்டிருந்தால் இந்தச் சோதனையில் தேறியது என்று பொருள் இல்லை.

கடைக்காரர் அடுத்து எச்13, எச்14 என்று ஃபில்டரின் தர வகைகளை ஆரம்பிப்பார். வீட்டுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. அறைக் காற்று ஒரே தடவை ஃபில்டர் வழியாகப் போவதில்லை, திரும்பத் திரும்பப் போகிறது. ஒரு தடவையில் 99.97 பிடித்தாலும் 99.99 பிடித்தாலும் அறையில் தெரியப்போவதில்லை. எவ்வளவு காற்றை இழுத்துச் சுத்தமாக்கித் தள்ளுகிறது என்பதுதான் தெரியும். அந்த அளவுக்குப் பெயர் சி.ஏ.டி.ஆர்.; ஒரு மணி நேரத்தில் இத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று என்று போட்டிருப்பார்கள். சிலர் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று போடுவார்கள், அதை 1.7ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் எண் இது. இதைப் பெட்டியிலோ விவரத்திலோ போடாத மெஷினை நான் கையால் தொட மாட்டேன்.

கணக்கு எளிது. ஒவ்வாமை உள்ளவர் படுக்கும் அறையின் காற்று மணிக்கு ஐந்து முறையாவது சுத்தமாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரம் பத்தடி: 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். ஐந்தால் பெருக்கினால் 170. பேனா எடுக்க முடியாத இடத்தில் நின்றால், அறையின் சதுர அடியை ஒன்றரையால் பெருக்குங்கள், தேவையான சி.ஏ.டி.ஆர். கிட்டத்தட்ட வந்துவிடும். 120 சதுர அடிக்கு 180. இதை வைத்து, பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் '400 சதுர அடிக்கு ஏற்றது' என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். சி.ஏ.டி.ஆர். 250 உள்ள மெஷின் என்று வையுங்கள். 400 சதுர அடி, பத்தடி உயரம் என்றால் 113 கன மீட்டர். மணிக்கு இரண்டு தடவை சுத்தமாகும், அவ்வளவுதான். சாதாரண ஆளுக்கு அது போதுமானதாக இருக்கலாம், இளைப்பு உள்ள பிள்ளைக்குப் போதாது.

இன்னொரு விஷயம், இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். அந்த 250 என்பது மெஷினை உச்ச வேகத்தில் வைத்துச் சோதித்தது. உச்ச வேகத்தில் அது போடும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. அதனால் என்ன செய்கிறோம்? இரவில் ஸ்லீப் மோடு. சத்தம் போய்விடுகிறது, கூடவே காற்றும் போய்விடுகிறது. மெல்லிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்றைத் தள்ளினாலே அதிகம். 250 என்று நம்பி வாங்கியது இரவு முழுக்க 80 கன மீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். நம் 34 கன மீட்டர் அறைக்கு மணிக்கு இரண்டரை தடவைகூட வராது. அதனால் என் யோசனை எப்போதும் ஒன்றுதான்: அறைக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு சி.ஏ.டி.ஆர். உள்ளதை வாங்குங்கள், நடு வேகத்தில் ஓட்டுங்கள். கடையில் மெஷினை ஆன் செய்யச் சொல்லி, ஒவ்வொரு வேகத்திலும் பக்கத்தில் நின்று கேளுங்கள். எந்தச் சத்தத்தோடு உங்களால் தூங்க முடியுமோ, அந்த வேகம்தான் நீங்கள் வாங்கும் மெஷின். ஆட்டோ மோடையும் நம்பிவிட வேண்டாம். பி.எம். சென்சார் பார்த்துத்தான் அது வேகத்தைக் கூட்டும், குறைக்கும். போர்வை உதறும்போது சென்சாருக்கு ஒன்றும் தெரியாது என்பதைத்தான் என் அக்கா மகள் கண்டுபிடித்தாள். படுக்கையைச் சரிசெய்யும் முன் கையாலேயே வேகத்தைக் கூட்டி, அரை மணி அப்படியே விடுங்கள்.

வேண்டாதவை சில. அயனைசர், பிளாஸ்மா, ஓசோன் என்ற பெயர்களில் வருவது முதலாவது. காற்றுக்கு மின்னேற்றம் கொடுத்துத் துகளைச் சுவரிலும் தரையிலும் ஒட்ட வைக்கும் இந்த நுட்பத்தில் சில மெஷின்கள் ஓசோனையும் வெளிவிடுகின்றன. ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. ஆஸ்துமா உள்ளவருக்கு அதை விலைகொடுத்து வாங்கி அறைக்குள் வைப்பது கொடுமை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இப்படிப்பட்ட கருவிகள் 0.05 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பி.பி.எம்.) ஓசோனுக்கு மேல் விடக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். நல்ல ஃபில்டரோடு அயனைசரும் சேர்ந்து வந்தால், அதைத் தனியாக அணைக்கும் பட்டன் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அணைத்தே வையுங்கள். 'ஃபில்டரே மாற்ற வேண்டாம்' என்ற விளம்பரத்தைக் கண்டால் இன்னும் கவனம்.

புற ஊதா விளக்கு, '99.9 விழுக்காடு கிருமியைக் கொல்லும்' என்பதெல்லாம் ஒவ்வாமைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. ஒவ்வாமை தருவது உயிருள்ள கிருமி அல்ல, புரதம். அதைக் கொல்வதற்கு அதற்கு உயிர் இல்லை. ஈரப்பதமும் சேர்த்துத் தரும் மெஷினை வறண்ட குளிர்நாட்டுக்காரர் வாங்கலாம். நம் ஊரில் அது தூசி உண்ணிக்குத் தண்ணீர் காட்டுவது போல. கரி ஃபில்டர் வாடைக்கும் வாயுக்களுக்கும் ஆனது. கரியின் எடைதான் அதன் பலம். மெல்லிய பஞ்சில் கரியைத் தூவி வைத்திருப்பது சில வாரத்தில் தீர்ந்துவிடும். தூசிக்காக வாங்குபவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கி வந்தாயிற்று. பெட்டியைப் பிரித்ததும், பின்பக்க மூடியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் உறையோடுதான் உள்ளே இருக்கும். உறையைக் கழற்றாமலே மாதக்கணக்கில் ஓட்டிய வீடு எங்கள் தெருவிலேயே உண்டு; விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, ஒன்றும் சந்தேகம் வரவில்லை. வைக்கும் இடம் படுக்கையறை, ஹால் அல்ல. நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அந்த அறையில்தான் இருக்கிறோம், அதுவும் கதவை மூடிக்கொண்டு. சுவரிலிருந்து ஓரடி தள்ளி, திரைச்சீலையோ கட்டிலோ மறைக்காத இடம். காற்று வெளிவரும் பக்கம் படுப்பவரை நோக்கி இருக்கட்டும்.

ஜன்னல் திறந்திருந்தால் மெஷின் ஓட்டுவதில் பயனில்லை. கடல்காற்று வரும் ஜன்னலை மூடுவதும் நியாயமில்லை. அதனால் வெளியே புகை இல்லாத நேரத்தில் நன்றாகத் திறந்து வையுங்கள், இரவு ஏ.சி. போட்டு மூடும்போது மெஷினை ஓட்டுங்கள். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக் காற்றையேதான் சுற்றிவிடும். நாலு பேர் படுக்கும் மூடிய அறையில் விடியும்போது இருக்கும் புழுக்கமும் தலைபாரமும் நாம் விட்ட மூச்சினால். கரியமில வாயுவை எந்த ஃபில்டரும் பிடிக்காது. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். ஏ.சி.யின் வலையையும் மாதம் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

மின்சாரம் பெரிய செலவில்லை. 40 வாட் மெஷின் இரவு பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 12 யூனிட். செலவு ஃபில்டரில் இருக்கிறது. 9,000 ரூபாய் மெஷினுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஃபில்டர், ஒன்று 2,500 என்றால், ஐந்தாண்டில் மாற்று ஃபில்டருக்கு மட்டும் 22,500. மொத்தம் 31,500. 16,000 ரூபாய் மெஷினுக்கு அதே விலையில் வருடத்துக்கு ஒன்று போதுமென்றால் மொத்தம் 26,000. எனவே மெஷினின் விலையைக் கேட்கும் வாயோடு ஃபில்டரின் விலையையும், அது எத்தனை நாள் வரும் என்பதையும், அந்த மாடலுக்கு இன்னும் நாலு வருடம் கழித்தும் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஹெப்பா ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது, நார் கெட்டுவிடும். முன்னால் இருக்கும் வலையை மட்டும்தான் கழுவலாம், அதையும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் போட்டு வைத்தால் ஃபில்டரிலேயே பூஞ்சை பிடிக்கும். மெஷினைத் திறந்ததும் மக்கிய வாடை வந்தால் தேதி பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பழைய ஃபில்டரைப் பையில் கட்டி எடுப்பது ஒவ்வாமை இல்லாதவரின் வேலை.

மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். மெஷின் வந்துவிட்டதே என்று இன்ஹேலரை மேசை டிராயரில் போட்டுவிட்டு, நடு இரவில் நெபுலைசருக்காக ஆஸ்பத்திரிக்கு ஓடிய குடும்பம் எனக்குத் தெரியும். எதைக் குறைப்பது, எப்போது குறைப்பது என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது.

அக்கா வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணைகள் நான்கும் போய்விட்டன. மெத்தைக்கு ஜிப் உறை வந்தது. மெஷின் அதே இடத்தில்தான் நிற்கிறது, இரவில் நடு வேகத்தில். முன் வலையைக் கழுவுவது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மகளின் பொறுப்பு என்றுதான் முதலில் இருந்தது. ஒவ்வாமை உள்ளவள் என்பதால் இப்போது அவள் தம்பிக்கு மாறிவிட்டது. முதல் தடவை அந்த வலையை எடுத்தபோது வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருந்தது. போன மாதம் நான் போயிருந்தபோது அவன் பால்கனியில் வைத்து அதைத் தட்டிக் காட்டினான். நாலைந்து நீள முடியும் கொஞ்சம் சாம்பல் நிறத் தூசியும் விழுந்தன. பஞ்சு இல்லை.